தமிழரசுக் கட்சியின் உட்தேர்தலும் திருகோணமலை மாவட்டமும்: மூதூரை முன்வைத்து ஒரு நோக்கு

2024 ஜனவரி 21 ஆந் திகதி, திருகோணமலை நகரசபை மண்டபத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை கூடித் தன் தலைவரை இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்தது. சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளையும், எம்.ஏ. சுமந்திரன் 137 வாக்குகளையும் பெற்றனர். மூன்றாவது வேட்பாளராகிய சீனித்தம்பி யோகேஸ்வரன் இறுதிக் கட்டத்தில் ஒதுங்கிக் கொண்டார். 1949 டிசெம்பர் 18 இல் தோன்றிய கட்சி, தனது எழுபத்தைந்தாவது ஆண்டிலேயே முதன்முறையாகத் தலைமைப் பதவியை வாக்குப் பெட்டியிடம் ஒப்படைத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இதனை உட்கட்சிச் சனநாயகத்தின் வெற்றி என வரவேற்றன. ஒரு மாதம் கழியுமுன் தெரிவு நீதிமன்றத்தில் நின்றது.

இந்நிகழ்ச்சியை இரு தனிமனிதரின் போட்டியாகக் காண்பதே இன்றுவரை வழக்கமாயுள்ளது. ஒருவர் தீவிரர், மற்றவர் மிதவாதி. ஒருவர் வன்னி மண்ணின் பிரதிநிதி, மற்றவர் கொழும்புச் சட்டத்தரணி என்றவாறு வரையப்பட்ட சித்திரங்கள் பலவுள. அவற்றில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆயின் வாக்கெடுப்பு நிகழ்ந்த ஊரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. முடிவுவரை களத்தில் நின்ற வேட்பாளர் இருவரும் அவ்வேளை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள். வாக்குப் பெட்டி வைக்கப்பட்ட இடமோ திருகோணமலை. மண்டபத்திலிருந்து சிறிது தூரம் நடந்து துறைமுகத்தை அடைபவர் கொட்டியாரக் குடாவைக் காண்பர். அதன் தென்கரையில் மூதூர். கட்சியின் வரலாற்றை அக்கரையிலிருந்து நோக்கின் அணிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும் வேறொரு பொருளைத் தருகின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துரைக்க முனையும் கருத்து.

திருகோணமலை தமிழரசுக் கட்சியின் முற்றம் என்று சொல்லின் அது மிகையாகாது. கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரிலில் இங்குதான் கூடியது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய சில வாரங்களில், 1956 ஆகஸ்ட்டில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் யாத்திரையாகத் தொண்டர்கள் வந்து சேர்ந்ததும் இங்குதான். சமஷ்டி அரசியலமைப்பு, மொழிச் சமத்துவம், மலையகத் தமிழரின் குடியுரிமை, திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகிய கோரிக்கைகளை முன்வைத்து அரசுக்குக் காலக்கெடு விதித்த தீர்மானம் அம்மாநாட்டினதே. 1972 மே 14 இல் தமிழர் கூட்டணி அமைக்கப்பட்டதும் திருகோணமலையில். கட்சி படுதோல்வி கண்ட 1952 பொதுத் தேர்தலில், செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்ற வேளை, வெற்றி பெற்ற இரு தொகுதிகளுள் ஒன்று திருகோணமலை. அதில் வென்ற என்.ஆர். இராஜவரோதயம் பின்னர் கட்சித் தலைவராகவும் விளங்கினார்.

அக்காலத் தலைமை மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது ஈண்டு மனங்கொளத் தக்கது. செல்வநாயகத்தின் பின் வன்னியசிங்கம், இராஜவரோதயம், இராசமாணிக்கம், நாகநாதன் எனத் தலைவர் பதவி கைமாறிச் சென்றது. எனினும் செல்வநாயகமே அக்கட்சியின் உண்மையான அதிகார மையம் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. மாநாட்டில் ஒரு பெயர் முன்மொழியப்படும், வழிமொழியப்படும், கரகோஷம் எழும். கோவில் தர்மகர்த்தா சபையையும் ஊர்ச் சங்கத்தையும் அறிந்த நம்மவர்க்கு இது புதிய முறையன்று. போட்டியிடுதல் பெரியவரை அவமதித்தலாகும் என்ற மனப்பாங்கு அங்கிருந்தே கட்சிக்குள் குடிபுகுந்தது. யாப்பில் கிளை, பொதுச்சபை, மத்திய செயற்குழு எனப் படிமுறை உண்டு. நடைமுறையில் முடிவு மேலிருந்து கீழிறங்கியது. ஜேர்மனியச் சமூக சனநாயகக் கட்சியை ஆராய்ந்து ரொபேர்ட் மிஷெல்ஸ் 1911 இல் வெளியிட்ட நூல், தொழிலாளரின் பேரால் இயங்கும் கட்சியே ஒரு சிலரின் ஆட்சிக்குட்படும் போக்கினைக் காட்டிற்று. அங்கு அதனைச் செய்தது சம்பளம் பெறும் கட்சி அலுவலர் கூட்டம். நம்மிடத்து அத்தகைய கூட்டம் இருக்கவில்லை. வழக்கறிஞர் தொழிலும் குடும்பச் செல்வாக்கும் அவ்விடத்தை நிரப்பின.

வாக்கெடுப்பு இல்லாத கட்சியில் கருத்து வேறுபாடு எங்கே போகும்? கதவுக்கு வெளியே போகும். 1956 இல் கல்முனையில் வென்ற எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் வென்ற எம்.எம். முஸ்தபாவும் கட்சியை விட்டு நீங்கினர். 1965 இல் டட்லி சேனநாயக்காவுடன் உடன்படிக்கை செய்து கட்சி அரசாங்கத்தில் பங்குகொண்டபோது, மந்திரிப் பதவி ஏற்றவர் செனற்றரான மு. திருச்செல்வம், மக்கள் வாக்கினால் தெரிவானவரல்லர். ஊர்காவற்றுறை உறுப்பினர் வி. நவரத்தினம் 1968 இல் கட்சிக் கட்டுப்பாட்டை மீறி அரசின் மசோதாவை எதிர்த்து வெளியேற்றப்பட்டார்; சுயாட்சிக் கழகத்தை நிறுவினார்; 1970 இல் தோற்றார். அதே 1968 இல் திருச்செல்வமும் பதவி துறந்தார். திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அவர் நியமித்த குழுவைப் பிரதமர் இரத்துச் செய்தமையே காரணம். மந்திரிப் பதவியை ஏற்பதும் துறப்பதும் கட்சியின் உள்ளே எத்தனை விவாதத்துக்குரியன! திருகோணமலை மண்ணைப் பற்றிய பிரச்சினையே அக்கூட்டுறவைக் குலைத்தது. ஆயினும் கிளைகளின் வாக்கினால் அம்முடிவுகள் தீர்மானிக்கப்படவில்லை.

இடதுசாரிகளும் இதில் மேம்பட்டவர் அல்லர் என்பதைச் சொல்லாது விடின் நேர்மையாகாது. முறையான பேராளர் மாநாடும் மத்திய குழுத் தேர்தலும் கொண்ட கம்யூனிஸ்ட் கட்சி 1963-64 இல் மொஸ்கோ, பீகிங் என இரண்டாகப் பிளந்தது. யாப்பும் தேர்தலும் இருந்தும் சிறுபான்மைக் கருத்துக்கு அங்கும் இடம் கிடைக்கவில்லை. தமிழகத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் கிளைத் தேர்தல்களால் வளர்ந்த இயக்கம். அதிலிருந்தும் 1961 இல் ஈ.வெ.கி. சம்பத்தும் 1972 இல் எம்.ஜி.ஆரும் வெளியேறியே தம் வழியைக் கண்டனர். ஆதலின் தமிழரசுக் கட்சியை மாத்திரம் குற்றக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று.

இனி மூதூருக்கு வருவோம். கொட்டியாரப் பற்று என வழங்கிய இப்பகுதி மகாவலி கடலோடு கலக்கும் வண்டல் நிலம். 1660 இல் ரொபேர்ட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டது இக்குடாக் கரையிலேயே. மூதூர், தோப்பூர் முதலிய முஸ்லிம் ஊர்களும், சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர், கிளிவெட்டி, மல்லிகைத்தீவு முதலிய தமிழ் ஊர்களும் வயலாலும் குளத்தாலும் கடலாலும் பிணைந்து கிடப்பன. 1950 களிலிருந்து அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் வழியே சிங்களக் குடியேற்றமும் விரிந்தது. இத்தகைய நிலத்தில் "தமிழ் பேசும் மக்கள்" என்னும் தமிழரசுக் கட்சியின் சொற்றொடர் ஒரு மேடைச் சொல்லாக மட்டும் இருக்க முடியாது. பக்கத்து வயற்காரனைக் குறிக்கும் சொல் அது.

1959 எல்லை நிர்ணயத்தின்படி மூதூர் 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. இதன் பொறியமைப்பைச் சற்று விளக்க வேண்டும். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் இருவருக்குப் பகிரலாம்; ஒருவருக்கே இட்டுவிடவும் செய்யலாம். ஆகவே எண்ணிக்கையிற் குறைந்த சமூகம் ஒரே வேட்பாளரை நிறுத்தி இரு வாக்கையும் அவருக்கே அளித்தால் ஓர் ஆசனம் உறுதி. இருவரை நிறுத்தினால் இருவரும் தோற்கக்கூடும். 1960 இல் ஏகாம்பரமும் 1970 இல் கிளிவெட்டியைச் சேர்ந்த அ. தங்கத்துரையும் தமிழரசுக் கட்சியின் சார்பில் இங்கிருந்து சென்றனர். 1970 இல் மற்றைய ஆசனம் சுதந்திரக் கட்சியின் ஏ.எல். அப்துல் மஜீத்துக்கு. அவ்வாண்டில் ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம் என்ற நிலை அமைந்தது.

இவ்வமைப்பில் தமிழ் வாக்காளனின் மெய்யான தெரிவு தேர்தல் நாளில் நிகழ்வதன்று. கட்சி வேட்பாளரைப் பெயரிடும் நாளில் நிகழ்வது. அன்று பிழைத்தால் பின்னர் திருத்த வழியில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ நிலைமை வேறு. ஆங்கு தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் கடுமையாக மோதலாம். எவர் தோற்றாலும் வெல்பவர் தமிழரே. அணி பிரிதல் அங்கே அரசியல் உயிர்த்துடிப்பு. கொட்டியாரத்தில் அதே பிரிவினை பிரதிநிதித்துவ இழப்பு. ஒரே கட்சிக்குள் இவ்விரு நிலங்களும் இருந்தன. உட்தேர்வின் விலையை ஒரு நிலமே செலுத்தியது. தெரிவின் அதிகாரம் பெரும்பாலும் மற்றைய நிலத்திலேயே குவிந்து கிடந்தது. எம் கருத்தில் தமிழரசுக் கட்சியின் உட்கட்சி வரலாற்றுக்கு அச்சாணி இதுவே. ஆளுமைகளின் மோதல் என்று நாம் படிப்பவை இதன் மேற்பரப்பில் எழும் அலைகள்.

1976 எல்லை நிர்ணயம் சேருவிலைத் தொகுதியைப் பிரித்தெடுத்தது. மூதூர் தனி அங்கத்தவர் தொகுதியாயிற்று. 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மஹ்ரூப் அங்கு வென்றார். கூட்டணி நாடளாவிய ரீதியில் 18 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியான அதே தேர்தலில், கொட்டியாரத் தமிழர் தம் சொந்தப் பிரதிநிதியை இழந்தனர். வடக்கின் வெற்றிக் களிப்பில் இவ்விழப்பு உரிய கவனத்தைப் பெறவில்லை.

பின் வந்த ஆண்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி தீர்ப்பளித்த காலத்தில் உட்கட்சித் தேர்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. 1987 இல் அப்துல் மஜீத், 1989 இல் அமிர்தலிங்கம், 1997 ஜூலை 5 இல் திருகோணமலைப் பாடசாலை விழாவொன்றில் தங்கத்துரை ஆகியோர் கொல்லப்பட்டனர். 1970 இல் மூதூர் அனுப்பிய இரு உறுப்பினரும் கொலையுண்டனர் என்பதை எண்ணும்போது எவர் மனமும் கனக்கும். மாறுபட்ட கருத்து உயிருக்கு விலையானபோது ஏகமனது என்ற பழைய பழக்கம் கட்டாயமாகவும் மாறிற்று.

விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பின்னர் திருகோணமலை மாவட்டம் நான்கு ஆசனங்களைக் கொண்ட ஒரே களமாயிற்று. மூதூரின் பழைய கணக்கு மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 2000 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழ் வாக்குகள் சிதறி மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பிரதிநிதியும் தெரிவாகவில்லை. மறு ஆண்டு ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதற்குக் கூறப்படும் காரணங்கள் பல. திருகோணமலையின் இவ்வதிர்ச்சியும் அவற்றுள் ஒன்று என்பதை வடக்கை மையமாகக் கொண்ட வரலாறுகள் மறந்துவிடுகின்றன.

கூட்டமைப்புக்கு யாப்பு இருக்கவில்லை. கட்சியாகப் பதிவு செய்யப்படவுமில்லை. 2004 தேர்தலுக்கு முன்னர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் ஆனந்தசங்கரிக்கும் ஏனையோருக்கும் பிணக்கு மூண்டு நீதிமன்றம் சென்றது. உதயசூரியன் சின்னத்தைக் கூட்டமைப்பு பயன்படுத்த இயலாது போயிற்று. பல்லாண்டுகளாகப் பெயரளவில் வாழ்ந்திருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் அப்பொழுதே தூசு தட்டி எடுக்கப்பட்டது. அத்தேர்தலில் 22 ஆசனங்கள் கிடைத்தன. இங்கு ஒரு பாடம் எல்லா அணியினர்க்கும் புலனாயிற்று: மக்கள் ஆதரவு எவரிடம் இருப்பினும், சின்னம் சட்டப்படி எவர் கையில் உண்டோ அவரே வேட்பாளர் பட்டியலின் எசமானர். இலங்கைத் தேர்தற் சட்டத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்புமனுவில் ஒப்பமிடும் அதிகாரம் செயலாளருக்கு உரியது. தலைவருக்கு மேடை; செயலாளருக்குப் பேனா.

பின்னர் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி கூட்டமைப்பை விட்டு நீங்கியது. 2023 ஜனவரியில், உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி தனித்து நிற்கத் தீர்மானித்ததும் டெலோவும் புளொட்டும் வேறு கூட்டணி அமைத்தன. அதுவரை பங்காளிகளிடையே தோன்றிய பூசல், பங்காளிகள் போனபின் வீட்டுக்குள்ளேயே கிளம்பியது. 2014 முதல் தலைவராயிருந்த மாவை சேனாதிராசாவின் பின் யார் என்ற வினாவுக்கு, செல்வநாயகத்தைப்போலக் கைகாட்டி விடையளிக்க எவருமில்லை. சம்பந்தனோ முதுமையால் தளர்ந்திருந்தார். ஆகவே வாக்கெடுப்பு வந்தது. அது சனநாயகத்தின் மீது திடீரெனப் பிறந்த காதலால் வந்ததெனக் கொள்வது வெள்ளைத்தனம். பெரியவர் இல்லாமையின் விளைவு அது.

மேற்கூறிய செயலாளர் பதவியின் முக்கியத்துவத்தை அறிந்தோர்க்கு, ஜனவரி 21 அமைதியாகக் கழிந்ததும் ஜனவரி 27 கொந்தளித்ததும் வியப்பளியா. அன்று திருகோணமலையில் மீண்டும் கூடிய பொதுச்சபையில் பொதுச் செயலாளர் பதவி பற்றியே பூசல் எழுந்தது. தலைமை வடக்கிற்காயின் செயலாளர் கிழக்கிற்கு என்பது பொதுவான எண்ணம். ஆனால் கிழக்கில் எவர்க்கு? மட்டக்களப்பின் ஞானமுத்து சிறிநேசனா, திருகோணமலையின் சண்முகம் குகதாசனா? குகதாசனுக்குச் சார்பாக மிகச் சிறிய வேறுபாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்தோர் கூச்சலிட்டனர். மறுநாள் நடைபெறவிருந்த மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. வடக்கின் இரு அணிகள் கிழக்கின் இரு மாவட்டங்களை எதிரெதிரே நிறுத்திவிட்டன என்று இதனை விளங்கிக் கொள்ளலாம். வேறு விளக்கமும் கூறுவர். எமக்கு இதுவே பொருத்தமாகப் படுகின்றது.

பெப்ரவரி நடுப்பகுதியில் யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இரு மாவட்ட நீதிமன்றங்களும் மாநாட்டுக்குத் தடை விதித்தன. திருகோணமலை வழக்கின் சாரம் கவனத்துக்குரியது. எவர் வென்றார் என்பது அங்கு வினாவன்று. எவர் வாக்களிக்க உரியவர் என்பதே வினா. பொதுச்சபையின் அங்கத்துவம் யாப்பில் வகுத்த முறைப்படி அமையவில்லை என வாதிக்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் வாக்கெடுக்காத சபைக்கு வாக்காளர் இடாப்பு எதற்கு? கரகோஷத்தை எண்ணுவார் எவருமிலர். முதன்முறை எண்ணத் தொடங்கியபோதுதான் எண்ணப்பட வேண்டியவர் யாரென்ற கேள்வி பிறந்தது.

இக்கேள்வி கொட்டியாரத்தில் மேலும் கூர்மை பெறுகின்றது. தொகுதிக் கிளைகள் வழியே பொதுச்சபை அமைவதாயின், கிளையென்பது ஊரில் வாழும் மக்களை முன்னிறுத்துவது. 2006 இல் சம்பூர் மக்கள் முற்றாக இடம்பெயர்ந்தனர். அவர்தம் நிலம் உயர் பாதுகாப்பு வலயமெனவும் அனல் மின்நிலையத்துக்கெனவும் எடுக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டு கழித்த பின்னரே, 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு, மீளத் திரும்பினர். குடிலுக்குக் கிடுகு தேடும் மக்கள் கிளைக் கூட்டம் கூட்டி நிர்வாகிகளைத் தெரிவு செய்தல் எவ்வாறு கூடும்? இத்தகைய ஊர்களில் கிளை பெயரளவிலேனும் நீடிக்க வேண்டுமாயின், மேலிருந்து எவரேனும் நியமிக்க வேண்டியிருக்கும். நியமிப்பவர் எந்த அணியினரோ அந்த அணிக்குக் கிளை வாக்களிக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து அணிகளுக்கு உற்சாகமூட்டும் நண்பர்கள் இந்த எளிய நடைமுறையைச் சிந்திப்பது நன்று.

முஸ்லிம் மக்களின் இடம் யாது என்பதும் இதனோடு தொடர்புடையது. 1956 இல் முஸ்லிம் வேட்பாளரை வெல்லவைத்த கட்சி அது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் பத்தில் நால்வர் முஸ்லிம்கள், பத்தில் மூவர் தமிழர். 2024 இல் தலைமை வேட்பாளர் மூவரும் வடக்கு கிழக்குப் பற்றி நிறையப் பேசினர். தமிழ் பேசும் மக்கள் என்னும் சொற்றொடரைக் கட்சியின் உட்தேர்தலில் எவ்வாறு பொருள்கொள்வது என்பது அப்போட்டியின் வினாக்களுள் ஒன்றாக எழவில்லை. தனித்துவக் கட்சிகளை முஸ்லிம்கள் அமைத்துக் கொண்ட பின் இது இயல்பே என்பர். மூதூரில் வயல் வாய்க்காலுக்கு நீர் திறக்கும் நாளில் இரு சாராரும் ஒரே வரம்பில் நிற்க நேர்வதும் இயல்பே.

பின்னிகழ்ந்தவை விரைவாகவே கூறத்தக்கன. 2024 ஜூன் 30 இல் சம்பந்தன் காலமானார். அவர் ஆசனம் குகதாசனுக்குச் சென்றது. செப்டெம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் மத்திய செயற்குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானிக்க, அக்குழுவிலேயே அங்கம் வகித்த பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்று 2,26,343 வாக்குகளைப் பெற்றார். சிறீதரன் அவர் பக்கம் நின்றார். 2025 ஜனவரி 29 இல் மாவை சேனாதிராசா மறைந்தார். அதற்கு முன்னரே சீ.வீ.கே. சிவஞானம் பதில் தலைவராகியிருந்தார். 2025 இல் சுமந்திரன் பதிற் பொதுச் செயலாளரானார். வாக்குப் பெட்டி தெரிவு செய்தவர் அரியணை ஏறவில்லை. வாக்குப் பெட்டி மறுத்தவர் பேனாவைப் பெற்றார். இதில் சூழ்ச்சியைக் காண்போரும் உளர். மாநாடு தடைப்பட்ட கட்சியில் செயற்குழுவே எஞ்சியிருந்த ஒரே அதிகாரம் என்பதை அவர்கள் மறுக்கவியலாது.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் இவ்வணிகள் இரு நிலங்களில் இரு விதமாக நடந்தன. யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பலவாகப் பிரிந்து நின்றன. ஆறு ஆசனங்களுள் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின, தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே கிடைத்தது, அது சிறீதரனுடையது, சுமந்திரன் தோற்றார். திருகோணமலையிலோ சமயத் தலைவர்களும் ஊர்ப் பெரியோரும் இடைநின்று பேசினர். தமிழரசுக் கட்சியும் அதனைப் பிரிந்து சென்ற கட்சிகளின் கூட்டணியும் வீட்டுச் சின்னத்தின்கீழ் ஒரே பட்டியலில் நின்றன. நான்கு ஆசனங்களுள் இரண்டு தேசிய மக்கள் சக்திக்கும் ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கும் சென்றன. நான்காவது ஆசனத்தை அந்த ஒரே பட்டியல் காப்பாற்றியது. அதில் அமர்ந்தவர், ஜனவரி 27 இல் எவரது பெயரால் மண்டபம் இரண்டுபட்டதோ, அந்தக் குகதாசன்.